பேருந்து எங்கே திரும்புகிறது?

போன வழியே திரும்பி வருவதுதான் நகரப் பேருந்தின் வேலை. அதற்கு எங்கோ ஓரிடத்தில் அது முகத்தைத் திருப்பியாக வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத காரியம். வண்டி 12 மீட்டர் நீளம். தெரு 10 மீட்டர் அகலம். இருபுறமும் நெருக்கியடித்த கட்டடங்கள். விடிகாலை முதல் நள்ளிரவுவரை ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி. இப்படி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், சிக்கல் புரியும். லண்டன் மாநகரம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டுகிறது. அது கண்டுபிடித்த விடைகளில் பல இன்று பயனற்றுக் கிடக்கின்றன: வண்டி வராத முனையங்கள், யாரும் திரும்பாத திருப்பு வட்டங்கள். ஒவ்வொன்றும் ஏன் அங்கே முளைத்தது, ஏன் பட்டுப்போனது என்று பார்த்துக்கொண்டே போனால், ஒரு தடத்தின் மூளையே அதன் திரும்புமிடங்களில்தான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

முதலில் வண்டியின் உடம்பைப் பார்ப்போம். முன்சக்கரங்கள் ஒடியும், பின்சக்கரங்கள் ஒடியா. அதனால் இரண்டும் ஒரே வட்டத்தில் ஓடுவதில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சு 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போனால் பின் அச்சு 8 மீட்டர் ஆர வட்டத்தில்தான் வரும். பள்ளியில் படித்த பித்தாகரஸ் முக்கோணமேதான்: 6, 8, 10. ஆக, பின்சக்கரம் இரண்டு மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு போகிறது. அதே நேரத்தில், பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் வால் பகுதி எதிர்ப்பக்கம் வீசுகிறது. இப்படி வண்டியின் எல்லா மூலைகளும் சேர்ந்து தரையில் அளந்துவிட்டுப் போகும் பரப்பை ‘வீச்சுத் தடம்’ எனலாம். ஐரோப்பிய விதிப்படி ஒரு பேருந்து 12.5 மீட்டர் ஆர வெளிவட்டத்துக்கும் 5.3 மீட்டர் ஆர உள்வட்டத்துக்கும் நடுவில் அடங்கித் திரும்ப வேண்டும். வண்டியின் அகலம் 2.55 மீட்டர்தான், திரும்பும்போது அதற்கு 7.2 மீட்டர் தேவைப்படலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. வெளிவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 490 சதுர மீட்டர். நம் மனைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கும் மேல். லண்டனின் நடுவில் இரண்டு கிரவுண்டை வெறுந்தரையாக விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முன்சக்கரங்கள் இரண்டுமேகூட ஒரே கோணத்தில் ஒடியக் கூடாது. உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுவதால் அது கூடுதலாக ஒடிய வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் உருளாமல் தேய்ந்து இழுபடும். இதற்கான இணைப்பை 1817-இல் கண்டுபிடித்தவர் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கேயார்க் லாங்கன்ஸ்பெர்கர். மறு ஆண்டு லண்டனில் அவருடைய முகவராக அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இவர் அச்சுப் படங்கள் விற்ற வணிகர். இன்றும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வேலை செய்வது ‘ஆக்கர்மன் அமைப்பு’தான். பெயர் முகவருக்குப் போய்விட்டது, கண்டுபிடித்தவருக்கு அடிக்குறிப்பு மிஞ்சியது. இருவரும் மனதில் வைத்திருந்தது குதிரை வண்டியை.

லண்டனின் முதல் பேருந்தும் குதிரை இழுத்ததே. 1829 ஜூலை 4-இல் ஜார்ஜ் ஷில்லிபியர் பேடிங்டனிலிருந்து பேங்க் வரை அதை ஓட்டினார். மூன்று குதிரைகள், 22 பேர். புறப்பட்ட இடம் ‘யார்க்‌ஷயர் ஸ்டிங்கோ’ என்ற மதுக்கடை வாசல். இது தற்செயல் இல்லை. குதிரை களைத்துப்போகும், அதற்குத் தண்ணீர் வேண்டும், லாயம் வேண்டும், வண்டியைத் திருப்ப ஒரு முற்றமும் வேண்டும். மூன்றும் ஒருங்கே இருந்த இடம் பழைய பயண விடுதியோடு சேர்ந்த மதுக்கடைதான். ஒரு ஜோடிக் குதிரை சில மணி நேரமே இழுக்கும் என்பதால், ஒரே ஒரு வண்டியை நாள் முழுக்க ஓட்டப் பத்துக்கு மேற்பட்ட குதிரைகள் தேவைப்பட்டன. முனையம் என்பது அன்று எரிபொருள் மாற்றும் நிலையமாகவும் இருந்தது. எலிஃபண்ட் அண்ட் காஸில், ஏஞ்சல், மேனர் ஹவுஸ், ஸ்விஸ் காட்டேஜ் என்று சுரங்க ரயில் நிலையங்களுக்குச் சூட்டியிருக்கும் பெயர்களெல்லாம் இப்படி விடுதிகளிலிருந்தும் மதுக்கடைகளிலிருந்தும் வந்தவை. லண்டனின் கடைசிக் குதிரைப் பேருந்து 1914 ஆகஸ்ட் 4-இல் பெக்கம் ரை முதல் ஹானர் ஓக் டேவர்ன் வரை ஓடியது. பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிய அதே நாள். அந்தக் கடைசி முனையும் ஒரு மதுக்கடையே! குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் பேருந்துகள் அதே வாசல்களில் நின்றன. இன்ஜினுக்கு லாயம் வேண்டாம். ஆனால் ஜனங்களுக்குப் பழகிப்போன இடத்தை மாற்றுவது எளிதா?

நடுவில் டிராம் வந்தது. டிராமுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் அதற்கு இரண்டு முகம். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் தன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்துபோவார், பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். ஒரு தண்டவாளத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாற ஓர் இணைப்பு இருந்தால் போதும், நடுத்தெருவிலேயே முனையம் அமைந்துவிடும். லண்டன் டிராம் முனையங்கள் பல இப்படித் தெரு நடுவில், எந்தக் கட்டடமும் இல்லாமல் இருந்தன. 1930-களில் டிராமை ஒழித்துவிட்டு டிராலிபஸ்ஸைக் கொண்டுவர முடிவெடுத்தபோதுதான் போக்குவரத்து வாரியத்துக்கு வேலை பிடித்தது. புதிய வண்டிக்கு ஒரே முகம். தண்டவாளம் கிடையாது, ஆனால் தலைக்கு மேலே இரண்டு மின்கம்பிகள் உண்டு. திரும்புவதற்கு நிலம் வாங்க வேண்டியிருந்தது. சில இடங்களில் தெருக்களைச் சுற்றிவரக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது.

டிராலிபஸ்ஸைத் திருப்புவது தனிக் கலை. கூரையிலிருந்து இரண்டு நீளக் கம்புகள் பின்னோக்கிச் சாய்ந்து, கம்பிகளை அடியிலிருந்து தொட்டுக்கொண்டு வரும். ஒன்றில் மின்சாரம் வரும், மற்றொன்றில் திரும்பிப் போகும். வண்டி கம்பிக்கு நேர்கீழே ஓட வேண்டியதில்லை. இருபுறமும் நாலைந்து மீட்டர் விலகலாம். அதற்கு மேல் விலகினால் கம்புகள் கழன்று விண்ணென்று மேலே பாயும். திருப்பு வட்டத்தில் வண்டி ஒரு வளைவில் போகும், கம்பி இன்னொரு வளைவில் போகும்; இரண்டும் எங்கே எவ்வளவு விலகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் கம்பங்களை நட்டார்கள். இரு தடங்களின் கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் நேர்மின் கம்பியும் எதிர்மின் கம்பியும் தொட்டுவிடக் கூடாதென்று நடுவே மின்சாரம் பாயாத துண்டுகளை வைத்தார்கள். ஓட்டுநர் அங்கே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வந்த வேகத்திலேயே கடந்தாக வேண்டும். கம்பி இரண்டாகப் பிரியும் இடத்தில் நடத்துநர் இறங்கி, கம்பத்திலிருக்கும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்புகள் சரியான கிளைக்குப் போனதும் விட்டுவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். கம்பு கழன்றுவிட்டால் மாட்டுவதற்கு ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஒரு நீள மூங்கில் இருந்தது. அன்றைய உலகின் மிகப் பெரிய டிராலிபஸ் வலைப்பின்னல், ஏறக்குறைய 1,800 வண்டிகள், கடைசியில் ஒரு மூங்கிலை நம்பி ஓடியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி முந்துவது. ஒரே கம்பியில் நிற்கும் இரண்டு வண்டிகளில் பின்னால் நிற்பது முதலில் புறப்பட முடியாது. பல தடங்கள் சந்திக்கும் முனையத்தில், ஒரு தடத்தின் வண்டி ஓய்வெடுக்கும்போது இன்னொன்று கடந்துபோக வேண்டுமானால் அதற்குத் தனிக் கம்பி ஜோடி வேண்டும். தரையில் வெறும் தார்; வானத்திலோ பின்னிப் பிணைந்த செம்புக் கம்பிகள். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கிறைஸ்ட்சர்ச் ஊரில் வட்டமடிக்க இடமே கிடைக்காமல், 1936-இல் ஒரு மதுக்கடைக்கு அருகே சுழல்மேடையே அமைத்துவிட்டார்கள். டிராலிபஸ் அதன்மேல் ஏறி நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் கையால் தள்ளி அதைத் திருப்புவார்கள். 1969 வரை இப்படியே நடந்தது. சுழல்மேடை இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கிறது. லண்டன் அதற்கு முன்பே, 1962 மே 8-இல், கடைசி டிராலிபஸ்ஸை நிறுத்திவிட்டது. கம்பிகளைக் கழற்றினார்கள், வட்டங்கள் அர்த்தமிழந்தன. எல்லாம் வீணாகிவிடவில்லை. ஹாம்ப்ஸ்டெட் ஹீத் அருகேயுள்ள சவுத் எண்ட் கிரீனுக்கு டிராம் வந்தது, பிறகு டிராலிபஸ் வந்தது, இரண்டும் மறைந்தன. ஆனால் 24-ஆம் எண் பேருந்து இன்றும் அங்கே போய்த் திரும்புகிறது.

இதுவரை பார்த்தது தடத்தின் இரு கோடிகளை. உண்மையான சாமர்த்தியம் நடுவழியில் இருக்கிறது. லண்டன் தடங்களில் கடைசி நிறுத்தத்துக்கு முன்பாகவே அடுத்தடுத்துப் பல திரும்புமிடங்களைக் குறித்து வைத்திருப்பார்கள். எதற்கு?

பேருந்துகள் இயல்பாகவே கொத்தாகச் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்ட வண்டிகளில் ஒன்று சிக்னலில் மாட்டி ஒரு நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் அதற்காகப் பதினோரு நிமிடக் கூட்டம் சேர்ந்திருக்கும். அவர்கள் ஏற நேரமாகும், தாமதம் கூடும், அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெருகும். பின்னால் வரும் வண்டிக்கோ ஒன்பது நிமிடக் கூட்டம்தான். அது விரைந்து வந்து முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். யாருடைய சோம்பலும் இதற்குத் தேவையில்லை. இந்த நிலையாமை கணக்கிலேயே பொதிந்திருக்கிறது என்று 1964-இல் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் சமன்பாடு எழுதிக் காட்டினார்கள். பயணிக்கு இதனால் என்ன நட்டம்? சரியாகப் பத்து நிமிட இடைவெளி என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே எண்ணிக்கை வண்டிகள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி 8.2 நிமிடமாகிவிடும். பத்தில் ஒன்பது பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து நிற்கிறார்கள் என்பதே காரணம். இப்படி மிகையாகக் காக்க வைத்த நேரத்தை லண்டன் நிர்வாகம் அளந்து, 2001 முதல் பேருந்து நிறுவனங்களுக்குத் தரும் பணத்தை அதன்படி கூட்டிக் குறைத்து வருகிறது.

மருந்து, நடுவழித் திருப்பம். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகவே போக, மறுகோடியில் இலைகள் காய்வதைக் கண்ட பெரியவர் ஒருவர், ‘நீ கடைசிவரை போகாதே, இங்கிருந்தே திரும்பு’ என்று இரண்டாமவரை மடக்குவாரே, அதே உத்திதான். ஒரு வண்டி 15 நிமிடம் பிந்தி வருகிறது. கடைசி நிறுத்தத்துக்கு ஏழரை நிமிடம் இருக்கும்போதே அதைத் திருப்பிவிட்டால், போக ஏழரை, வர ஏழரை, பதினைந்து நிமிடமும் மிச்சம். எதிர்த்திசையில் தன் சொந்த நேரத்துக்கு அது ஓடத் தொடங்கிவிடும். 30 நிமிடத் தாமதத்துக்கு இன்னும் முன்பே திருப்ப வேண்டும். அதனால்தான் ஒரு திரும்புமிடம் போதாது. தாமதத்தின் அளவுக்கேற்பத் தூரம் தூரமாக வைத்திருக்க வேண்டும். சென்னையில் ‘கட் சர்வீஸ்’ என்று அட்டவணைப்படி ஓடுகிறதே, அதை ஒத்ததுதான் இது. வேறுபாடு ஒன்று: லண்டனில் இது அந்த நொடியில் எடுக்கும் முடிவு. நடுவழியில் இறக்கிவிடப்பட்டவர் திட்டத்தான் செய்வார். எதிர்த்திசையில் பலன் பெற்றவர்களுக்கு நடந்தது தெரியவே தெரியாது.

முன்பு இந்த முடிவை எடுத்தவர்கள் தெருவோரத்தில் குறிப்பேட்டோடு நின்ற இன்ஸ்பெக்டர்கள். வண்டியை நிறுத்தி, ‘இங்கேயே திருப்பு’ என்பார்கள். உடனே நெற்றியில் இருக்கும் துணிச் சுருளைச் சுழற்றிப் புதிய ஊர்ப் பெயரைக் காட்ட வேண்டும். அந்தச் சுருளில் கடைசி ஊர் மட்டுமின்றி, திரும்ப வாய்ப்புள்ள ஒவ்வொரு மூலையின் பெயரும் அச்சிட்டிருக்கும். இன்று பழம்பொருள் விரும்பிகள் இந்தச் சுருள்களை வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகிறார்கள். வரலாற்று மாணவனுக்கு அவை ஆவணம்: செத்துப்போன திரும்புமிடங்களின் பட்டியல் அவற்றில்தான் வரிசை தப்பாமல் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு எட்டியதைத்தான் பார்ப்பார், மொத்தத் தடத்தையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடியுமா? 1950-களின் இறுதியில் லண்டன் பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். வண்டியின் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டைகள் பதித்த ஒரு தகடு; தெருவோரத்தில் அதைப் படிக்கும் ஒளிமின் கருவி. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்ற செய்தி கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். கடைச் சாமான்களில் பட்டைக் குறியீடு வந்தது 1974-இல். பேருந்து அதை ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் முன்பே அணிந்துவிட்டது! இன்று செயற்கைக்கோள், சக்கரச் சுழற்சிக் கணக்கு, திசை காட்டும் சுழல்மானி மூன்றையும் சேர்த்து, 8,000-க்கும் மேற்பட்ட வண்டிகளின் இருப்பிடம் திரையில் தெரிகிறது. 2009-க்குள் எல்லா வண்டிகளிலும் இது பொருத்தப்பட்டது. ‘இந்தப் பேருந்து சேருமிடம் மாறிவிட்டது’ என்ற பொருளில் ஒரு பெண்குரல் அறிவிக்கும்போது, எங்கோ ஓர் அறையில் ஒருவர் ஒரு திரும்புமிடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று பொருள்.

தேர்ந்தெடுக்க இடம் இருக்க வேண்டுமே. பேருந்தைத் திருப்ப மிக எளிய இடம் சாலை வட்டம், அதாவது ரவுண்டானா. எந்த நேரத்திலும், யாரையும் கேட்காமல், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே போகலாம். ஆனால் பெரிய ரவுண்டானாக்கள் நடப்பவருக்கும் சைக்கிளில் போவோருக்கும் ஆபத்து. எலிஃபண்ட் அண்ட் காஸில், ஆர்ச்வே, ஹைபரி கார்னர் ஆகிய இடங்களில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வட்டத்தின் ஒரு கையை அடைத்து, மையத் தீவைக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். உயிர் காக்கும் முடிவு, குறை சொல்ல முடியாது. ஆனால் அடைபட்ட ஒவ்வொரு வட்டத்தோடும், சுற்றித் திரும்பும் வசதி ஒன்று ஓசையின்றிப் போய்விடுகிறது. பின்னோக்கி ஓட்டித் திருப்பலாமே என்றால், அது கடைசி வழி. பழைய லண்டன் வண்டிகளில் ஓட்டுநர் முன்னால் தனிக்கூண்டில் இருந்தார், பின்புறம் அவருக்குத் தெரியாது. நடத்துநர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும். நம் ஊரில் ‘ஒடி, ஒடி, போதும்’ என்று தகரத்தைத் தட்டுவாரே, அவருடைய உறவினர். 2005 டிசம்பரில் 159-ஆம் தடத்தில் தனிக்கூண்டு கொண்ட ரூட்மாஸ்டர் வண்டிகள் ஓய்வு பெற்றபோது, அன்றாடத் தடங்களில் அந்த நடத்துநரும் போய்விட்டார்.

திரும்பினால் மட்டும் போதாது, சற்று நிற்கவும் வேண்டும். கடைசி நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிற்பது சோம்பல் அன்று. வந்த தாமதத்தை அங்கே விழுங்கிவிட்டு, சரியான நேரத்தில் புறப்படுவதற்கான இடைவேளை அது. இதிலும் ஓர் அழகான கணக்கு உண்டு. ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்து, ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம் நின்றால், எந்த நேரத்திலும் சராசரியாக இரண்டு வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். வருகை வேகத்தை நிற்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த இந்த விதி, வங்கி வரிசைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் பொருந்தும். மூன்று தடங்கள் சேர்ந்தால் ஆறு வண்டி இடம். கொத்தாக வந்தால் அதற்கும் மேல். 2002 முதல் 2011 வரை லண்டனில் ஓடிய 18 மீட்டர் இணைப்புப் பேருந்துகள் நடுவில் மடங்குவதால், 12 மீட்டர் வண்டிக்கான அதே வட்டத்துக்குள் திரும்பிவிடும். நிறுத்தும்போதுதான் ஒன்றரை வண்டி இடத்தைப் பிடித்துக்கொண்டன.

நகர நடுவில் இந்த இடத்துக்குத்தான் பஞ்சம். சோஹோ பகுதியின் போலந்து தெருவில், வெளியூர்ப் புறநகர்களுக்கு ஓடிய கிரீன் லைன் வண்டிகளுக்காக 1930 டிசம்பரில் ஒரு நிலையம் திறந்தார்கள். நெரிசலுக்கு அஞ்சி அதிகாரிகள் கட்டுப்பாடு விதிக்க, 1933-லேயே அது மூடப்பட்டது. பல தடங்கள் பயணிகளே இல்லாத ஒரு மூலையில் போய் முடிவதற்குக் காரணமும் இதுதான்: நிற்க இடம் அங்கேதான் கிடைத்தது. இன்னொரு காரணம் கழிப்பறை. 2018-இல்தான் லண்டன் மேயர், ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை வசதி இல்லாத 42 தடங்களுக்காக 60 லட்சம் பவுண்டு ஒதுக்கினார். எத்தனையோ வரைபடங்களையும் கணிப்பொறிகளையும் தாண்டி, ஒரு முனையம் வாழ்வதும் சாவதும் சில நேரம் இதைப் பொறுத்தே இருக்கிறது. நகரத் திட்டமிடல் நூல்கள் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம்.

இப்போது கணக்கு மறுபடியும் மாறுகிறது. தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் குன்றுக்கு ஒரு காலத்தில் 654-ஆம் எண் டிராலிபஸ் ஏறி வந்தது. அனர்லி ஹில் அவ்வளவு செங்குத்து என்பதால், வண்டி பின்னோக்கி உருண்டுவிடாமல் தடுக்க அந்தத் தடத்து வண்டிகளுக்கென்றே தனி பிரேக் அமைப்பு வைத்தார்கள். 1959 மார்ச்சில் அங்கே கம்பிகள் ஓய்ந்தன. இன்று அதே கிரிஸ்டல் பேலஸிலிருந்து ஆர்பிங்டன் போகும் 358-ஆம் தடத்துக்காக, இரு கோடிகளிலும் மின்னேற்றக் கம்பங்கள் நிறுவப்பட்டிருக்கின்றன. பேருந்து வந்து நின்றதும் பேன்டோகிராஃப், அதாவது மடங்கி நிமிரும் மின்கை, வண்டியையும் கம்பத்தையும் இணைத்துச் சில நிமிடங்களில் மின்கலத்தை நிரப்பிவிடும். சுற்றுக்குச் சுற்று மின்சாரம் கிடைப்பதால் வண்டி பெரிய மின்கலத்தைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் நிற்கும் நேரம் இனி ஓய்வுக்கு மட்டுமானது இல்லை. பிந்தி வந்த வண்டியை உடனே திருப்பி அனுப்பினால் மின்கலம் பசியோடு போகும், நடுவழியில் மடக்கினால் கம்பத்தையே காணாது. எத்தனை வண்டிகள் நிற்க இடம் வேண்டும், எத்தனை கம்பங்கள் வேண்டும், எவ்வளவு தாமதமானாலும் மடக்கக் கூடாத வண்டி எது என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.